புகையில்லாத ஊரில் துக்கம் விசாரித்தது

எங்கள் ஊர் கல்லாங்காட்டுப்புதூரைப் பற்றி வெளியூரில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். காது இருக்கிறதே. ஆனால் எங்கள் ஆட்களை முட்டாள்கள் என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. முட்டாள் என்பவன் சொன்ன பேச்சைக் கேட்காதவன். எங்கள் ஆட்கள் சொன்னதைக் கேட்பார்கள். சொன்னதை மட்டுமே கேட்பார்கள். இதற்கு உலகத்தில் வேறு பெயர் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஊரில் நாலு வார்ப்படப் பட்டறைகள். இரும்பை உருக்கி அச்சில் ஊற்றி, பம்புக்கு உடம்பும் சாக்கடைக்கு மூடியும் செய்வது தொழில். ஒருமுறை கோயமுத்தூர் கம்பெனி ஒன்று முந்நூறு மூடிக்கு வரைபடம் அனுப்பியது. அந்தக் காகிதத்தின் மேல் யாரோ டீ டம்ளரை வைத்து எடுத்திருந்தார்கள். வட்டமாக ஒரு கறை. எங்கள் ஆட்கள் முந்நூறு மூடியிலும் அந்த வட்டத்தைப் பிசிறில்லாமல் வார்த்துக் கொடுத்தார்கள். ஒன்றில் மட்டும் வட்டம் லேசாகக் கோணிவிட்டது என்று அதை உருக்கித் திரும்ப வார்த்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதோடு வேலை வருவது நின்றது. எட்டு மாதமாக நாலு உலையும் அணைந்து கிடந்தன. தீபாவளிக்குள் ஒரு வேலை வராவிட்டால் வார்ப்பு ஆட்கள் அத்தனை பேரும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கிளம்புவது என்று முடிவாகிவிட்டது. அவர்கள் போய்விட்டால் பட்டறைகளை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

அந்த நேரத்தில் ஜப்பானிலிருந்து கடிதம் வந்தது. குரோகானே என்று ஒரு தொழில் நகரம், இரும்பு ஆலைகள் நிறைந்த ஊர். அந்த நகராட்சிக்கு ஐயாயிரம் சாக்கடை மூடிகள் தேவை. அவர்களுடைய பொறியாளர் ஒருவர் கோயமுத்தூருக்கு வந்தபோது டீ வட்டம் போட்ட மூடியைப் பார்த்து மலைத்துப் போயிருக்கிறார். கடிதத்தில் இப்படி இருந்தது: “சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்களையே தேடுகிறோம். நாலு நாள் எங்கள் நகரத்தைப் பார்க்க வாருங்கள். வருகையாளர் கையேட்டின்படி நடந்துகொள்ளுங்கள். நாலாம் நாள் மேயர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவார்.”

பட்டறைக்கு ஒருவராக நாலு பேர் போனார்கள். பட்டறைச் சங்கத்துக்கும் ஊராட்சிக்கும் தலைவரான சென்னியப்பன். எதிலும் ஒரு சந்தேகம் கேட்டுவிட்டே கையை வைக்கிற நாச்சிமுத்து. ஊரிலேயே கனமான மனிதர் குட்டியப்பன். புருஷன் போன பிறகு பட்டறையைத் தானே நடத்துகிற தெய்வாத்தாள். இளகிய மனசு, யார் வீட்டுத் துக்கம் என்றாலும் முதல் ஆளாகப் போய் அழுதுவிட்டு வருவாள். நான் போகவில்லை. ஆனால் திரும்பி வந்த நாலு பேரும் ஒரே மாதிரி சொன்னதால் இது பொய்யாக இருக்க வழியில்லை. நாலு பேர் சேர்ந்து ஒரு பொய்யைச் சொல்லும் அளவுக்கு எங்கள் ஊரில் திட்டம் போடத் தெரியாது.

விமான நிலையத்தில் மியுகி என்ற பெண் காத்திருந்தாள். நகராட்சி வழிகாட்டி. தமிழைப் புத்தகத்தில் படித்தவள். “வணக்கம் பெரியோர்களே. பயணம் இனிதாக அமைந்ததா?” என்று கேட்டு, இடுப்பு வரை குனிந்து, ஆளுக்கொரு கையேட்டைக் கொடுத்தாள். ‘குரோகானே உங்களை வரவேற்கிறது’ என்று தமிழிலேயே அச்சடித்திருந்தது.

சென்னியப்பன் மற்ற மூவரையும் ஓரமாக அழைத்துப் போனார்.

“இத பாருங்க. இதுல போட்டிருக்கறதச் செய்யோணும். போடாதது ஒண்ணையும் செய்யப்படாது. ஊர்ல அத்தன சனத்தோட பொழப்பு இதுல இருக்குது.”

“மூச்சு உடலாமுங்களா?” என்றார் நாச்சிமுத்து.

சென்னியப்பன் கையேட்டின் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். “மூணாம் பக்கத்துல ‘கடற்காற்றைச் சுவாசித்து மகிழுங்கள்’னு போட்டிருக்குது. உடலாம்.”

அங்கிருந்து ரயில். நடைமேடையில் மஞ்சள் கோடு. ‘மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கவும்’ என்றது கையேடு. நால்வரும் கால் பெருவிரல்கூடத் தாண்டாமல் நின்றார்கள். ரயில் வந்தது, கதவு திறந்தது, மியுகி ஏறினாள், கதவு மூடியது, ரயில் போனது. கண்ணாடிக்குப் பின்னால் மியுகி இரண்டு கையையும் ஆட்டினாள். இவர்களும் மரியாதைக்கு ஆட்டினார்கள்.

“அந்தம்மிணி போயிருச்சே,” என்றார் குட்டியப்பன்.

“அது இந்த ஊருப் புள்ள. அதுக்குப் பரீட்சை இல்ல,” என்றார் சென்னியப்பன்.

“ரயிலு கோட்டுக்கு அந்தப் பக்கமே நிக்குதுங்களே. இந்தப் பக்கம் வராதுங்களா?” என்றார் நாச்சிமுத்து.

“பொறு. நல்ல ரயிலா இருந்தா வரும்.”

மூன்று ரயில்கள் வந்து போயின. மூன்றும் நல்ல ரயில்கள் இல்லை. அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி ஓடிவந்த மியுகி, விஷயம் புரிந்ததும் பேனாவை எடுத்து நாலு கையேட்டிலும் ‘ரயில் நின்றதும் கோட்டைத் தாண்டி ஏறவும்’ என்று எழுதிக் கொடுத்தாள். வண்டிக்குள் உட்கார்ந்ததும் தானாகவே பேனாவை மறுபடி எடுத்து, ‘குரோகானே வந்ததும் இறங்கவும்’ என்றும் சேர்த்தாள். கெட்டிக்காரப் பெண்.

தங்கும் விடுதியில் வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். அது நமக்குப் பழக்கம்தான். கழிவறைக்குள் மட்டும் தனியாக ஒரு ஜோடிச் செருப்பு வைத்திருந்தார்கள். கையேடு சொன்னது: ‘கழிவறைச் செருப்பு இல்லாமல் கழிவறைக்குள் கால் வைக்க வேண்டாம். அந்தச் செருப்போடு வெளியே வர வேண்டாம்.’

குட்டியப்பன் உள்ளே போனார். அரை மணி ஆகியும் வரவில்லை.

“வயிறு செரியில்லீங்களா?” என்று வெளியிலிருந்து கேட்டார் நாச்சிமுத்து.

“வயிறு நல்லாத்தான் இருக்குது. வாரதுக்குத்தான் வழியில்ல. செருப்பக் கழட்டுனா வெறுங்கால் உள்ள பட்டுப்போகும். கழட்டலீன்னா செருப்பு வெளிய வந்துபோகும்.”

மூவரும் கதவுக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தார்கள். சாப்பாட்டை உள்ளே கொடுத்து நாலு நாளும் அவரை அங்கேயே வைத்துவிட்டு, ஊருக்குக் கிளம்பும்போது விடுதிக்காரர்களிடம் வழி கேட்கலாம் என்றார் நாச்சிமுத்து. தெய்வாத்தாளுக்குத்தான் வழி தோன்றியது.

“ரெண்டு காலும் ஒண்ணாக் கெளம்போணும். நீங்க எகிறிக் குதிங்க. செருப்பு உள்ளயே நின்னுக்கும், காலு வெளிய வந்துரும்.”

குட்டியப்பன் குதித்தார். செருப்பு உள்ளேயே நின்றது. கால் வெளியே வந்தது. காலோடு சேர்ந்து நூற்றுப்பத்து கிலோவும் வந்து எதிரே இருந்த காகிதக் கதவு வழியாக அடுத்த அறைக்குப் போனது. விடுதிக்கார அம்மாள் ஓடிவந்து, கிழிந்த கதவையும் குட்டியப்பனையும் பார்த்து, தன் கதவு வழியில் நின்றதற்காக ஒன்பது தரம் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். நால்வரும் பதிலுக்கு ஒன்பது தரம் குனிந்தார்கள்.

இரண்டாம் நாள் இரும்பு ஆலை. தலைக்கு ஹெல்மெட் கொடுத்தார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரு வால்வைத் திருப்பும் முன், ஒரு கோட்டைத் தாண்டும் முன், தொழிலாளி அதை விரலால் சுட்டிக்காட்டி, “யோஷி!” என்று உரக்கச் சொல்வான். சரியாக இருக்கிறது என்று பொருள். இப்படிச் செய்தால் கவனம் தப்பாதாம். ‘எதைச் செய்யும் முன்பும் சுட்டிக்காட்டி யோஷி சொல்லவும்’ என்று கையேட்டின் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது.

நாச்சிமுத்துவுக்குச் சந்தேகம் வந்தது. “பூசணிப் பிஞ்ச வெரல் நீட்டிக் காட்டுனாலே அழுகிப் போகும்பாங்க. உலையப் போயி காட்டுனா ஏதாச்சும் ஆயிராதுங்களா?”

“இரும்பு அழுகாதப்பா,” என்றார் சென்னியப்பன்.

“துருப்புடிக்குமுங்களே.”

அது உண்மைதான். அங்கேயே நின்று கால் மணி நேரம் பேசினார்கள். பின்னால் வந்த ஆலைக்காரர்களும் ஏதோ தொழில் விவகாரம் என்று நினைத்து ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். கடைசியில், பூசணிக்குச் செய்வதுபோல விரலை மடக்கிக் காட்டினால் தோஷமில்லை என்று தீர்மானமானது.

அன்று முதல் எல்லாவற்றுக்கும் மடக்கிய விரலும் யோஷியும்தான். நாற்காலிக்கு யோஷி சொல்லி உட்கார்ந்தார்கள். மத்தியானம் நூடுல்ஸ் கடையில் ஒவ்வொரு வாய்க்கும் நாலு குரலில் யோஷி கேட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் சீக்கிரமே சாப்பிட்டு எழுந்தார்கள். கடைக்காரர் மட்டும், முப்பது வருஷத்தில் தன் நூடுல்ஸை இவ்வளவு தரம் சரி என்று யாரும் சொன்னதில்லை என்று நெகிழ்ந்து போனாராம்.

இதுவரை எல்லாம் கையேட்டின்படியே நடந்தது. மேயர் அலுவலகத்துக்குத் தினமும் செய்தி போனது: விருந்தாளிகள் ஒரு வரி பிசகவில்லை. ஒப்பந்தம் கைக்கு வந்த மாதிரிதான்.

மூன்றாம் நாள் மியுகி அவர்களை ஒரு குன்றின் மேல் கூட்டிப்போனாள். கீழே முழு நகரமும் தெரிந்தது. வரிசை வரிசையாக ஆலைகள், சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட புகைபோக்கிகள், பளபளவென்று விரிகுடா.

“ஐயா, அறுபது ஆண்டுகளுக்கு முன் இந்தப் புகைபோக்கிகளிலிருந்து ஏழு நிறத்தில் புகை எழும். துவைத்த துணி உலர்வதற்குள் கறுத்துவிடும். இன்று பாருங்கள்,” என்று பெருமையோடு கையை வீசினாள். “ஒரு துளிப் புகைகூட இல்லை.”

நால்வரும் பார்த்தார்கள். புகையே இல்லை. குட்டியப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“நின்னு எத்தன நாளாச்சு அம்மிணி?” என்று மெல்லக் கேட்டார் சென்னியப்பன்.

“ஐம்பது ஆண்டுகள் இருக்கும் ஐயா.”

“அம்பது வருசமா!” என்று நெஞ்சில் கை வைத்தாள் தெய்வாத்தாள். “நமக்கு எட்டு மாசத்துக்கே கண்ணு முழி பிதுங்கிப் போச்சே!”

மியுகி குடிக்கத் தண்ணீர் வாங்கப் போனாள். நால்வரும் அங்கே இருந்த பெஞ்சுக்கு யோஷி சொல்லி உட்கார்ந்தார்கள்.

“நேத்து ஆலை ஓடுச்சுங்களே. கண்ணால பாத்தமே,” என்றார் நாச்சிமுத்து.

சென்னியப்பன் பெருமூச்சு விட்டார். “உலை நின்னதுக்கப்பறம் ஒருக்கா பம்பு கம்பெனிக்காரன் நம்ம பட்டறையப் பாக்க வந்தான். அன்னிக்கு நாம என்ன பண்ணுனோம்? கையில இருந்த கடைசிக் கரியப் போட்டு ஒரு நாளைக்கு உலைய ஓட்டிக் காட்டலியா? ஊட்டுக்கு வந்த ஒரம்பரை முன்னால கவுரவம் போகக்கூடாதுன்னு அவியளும் அதத்தான் பண்ணியிருக்காங்க.”

பிறகு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்றாக விளங்க ஆரம்பித்தது.

“அதனாலதான் மீன வேக வெக்காமப் பச்சையா வெச்சாங்களா? வெறகில்ல!” என்றார் குட்டியப்பன்.

“சோறு ஒரு கைப்பிடிதான் போட்டாங்க,” என்றார் நாச்சிமுத்து. “கட்டிலக்கூட வித்துப்போட்டு நம்மளத் தரையில படுக்க வெச்சாங்க. கதவுக்குப் பலகையில்லாமக் காகிதம் ஒட்டியிருக்காங்க.”

“ஊரெல்லாம் பாத்தேன், ஒரு குப்பைத்தொட்டி இல்ல. குப்பையும் இல்ல,” என்றாள் தெய்வாத்தாள். “கீழ போடறதுக்கு ஊட்ல ஏதாச்சும் மிச்சம் மீதி இருந்தாத்தான குப்பை? அடுப்புல பூனை படுத்திருக்குது. அந்தம்மா கதவு கிழிஞ்சதுக்குக்கூட நம்மளத் திட்டாமக் குனிஞ்சு குனிஞ்சு கும்புட்டுது பாருங்க. வக்கத்துப் போனவிய கோவிச்சுக்க முடியுமா?” கணவன் இறந்த வருஷம் உலையில் தீ இல்லாமல் அவளே அப்படித்தான் எல்லாருக்கும் சிரித்துக் கும்பிட்டுக்கொண்டு இருந்தாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை; ஊரில் நாங்கள் பார்த்ததுதான்.

“இவியகிட்டப் போயி ஐயாயிரம் மூடி வாங்குங்கன்னு நிக்கறமே,” என்றார் சென்னியப்பன். “எரியற ஊட்ல புடுங்குன மாதிரி ஆயிருமே.”

“அப்ப நம்ம ஊரு சனம்?” என்றார் நாச்சிமுத்து. வாழ்க்கையில் அவர் கேட்ட உருப்படியான கேள்வி அது ஒன்றுதான்.



நாலாம் நாள் மேயர் அறை. நீள மேசை, இரண்டு கொடிகள், தமிழிலும் ஜப்பானிய மொழியிலும் அச்சடித்த ஒப்பந்தம். மேயர் எழுந்து வந்து தன் பெயர் அட்டையை ஒவ்வொருவருக்கும் நீட்டினார். ‘அட்டையை இரண்டு கைகளாலும் பெறவும்’ என்றது கையேடு. மூன்று ஆண்களும் இரண்டு கையாலும் வாங்கினார்கள். எப்போது விடலாம் என்று கையேட்டில் இல்லாததால், பூசாரி தட்டைப் பிடித்த மாதிரி அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்கள். தெய்வாத்தாளிடம் வரும்போது அட்டை தீர்ந்துவிட்டது. அதனால் அந்த அறையில் கை காலியாக இருந்த எங்கள் ஊர்க்காரர் அவள் ஒருத்திதான். பேனாவும் அவளிடம் போனது.

அவள் ஒப்பந்தத்தை மடக்கிய விரலால் காட்டினாள். யோஷி சொல்ல வாய் வரவில்லை.

“குரோகானே நகராட்சி வாங்குகிறது, கல்லாங்காட்டுப்புதூர் வார்த்துக் கொடுக்கிறது,” என்று வாய்விட்டுப் படித்தாள். ‘வாங்குகிறது’ என்பதை அடித்தாள். ‘வார்த்துக் கொடுக்கிறது’ என்று எழுதினாள். மற்றதையும் அதேபோல மாற்றினாள். ஐயாயிரத்தை அடித்து நூறு என்று போட்டாள். பிறகு மேயரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

“சாமி, வெசனப்படாதீங்க. எங்களுக்கும் உல நின்னு கெடக்குது, அந்தக் கஷ்டம் எங்களுக்குத் தெரியும். ஊட்ல பொகையில்லீன்னா மனசுல எத்தன பொகையும்னு தெரியும். உங்ககிட்ட விக்கறதுக்குன்னு வந்தோம், தப்பு. நாங்க வாங்கிக்கறோம். நூறு மூடி. உங்க உல ஒரு நாளைக்காச்சும் எரியட்டும்.”

“எங்க ஊரு சார்பா எங்க வருத்தத்தையும் தெரிவிச்சுக்கறேன்,” என்றார் சென்னியப்பன், அட்டையை விடாமல்.

மியுகி வெலவெலத்துப் போனாள். ஆனால் எதையும் விடாமல் மொழிபெயர்க்க வேண்டும் என்பது அவளுக்கு இட்ட உத்தரவு. விடாமல் மொழிபெயர்த்தாள். மேயர் அடித்துத் திருத்திய தாளைக் கையில் எடுத்துப் பார்த்தார். இருபது வருஷத்தில் அந்த அறைக்கு வந்த எல்லாரும் எதையாவது விற்கவோ கேட்கவோ வந்தவர்கள். பிறகு அவர் தலை மேசையில் படும் அளவுக்குக் குனிந்தார். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர். வறுமைக் கண்ணீர் என்பது நால்வர் கட்சி. சிரிப்பை அடக்கினாலும் கண்ணில் தண்ணீர் வரும் என்பது என் கட்சி. எதுவானாலும் அவர் கையெழுத்துப் போட்டார். நூறு மூடிக்கும் விலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

“மானஸ்தன். இல்லாத நேரத்துலயும் வெல கேக்கல பாரு,” என்றார் குட்டியப்பன்.

ஊருக்கு வந்து இறங்கினால் பேருந்து நிறுத்தத்தில் ஊரே நிற்கிறது. “ஆர்டர் கெடச்சுதுங்களா?”

“கெடைக்கல. குடுத்துப்போட்டு வந்தோம்,” என்றார் சென்னியப்பன். அந்த ஊர்ப் புகைபோக்கியின் கதையைச் சொன்னார். கேட்ட சனம் உச்சுக்கொட்டியது. சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருவர்கூடத் திட்டவில்லை. வார்ப்பு ஆட்கள் மட்டும் பெட்டியைக் கட்டத் தொடங்கினார்கள்.

தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால், தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து லாரியில் நூறு மூடிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் செவந்திப்பூவும் துள்ளுகிற மீனும் வர்ணத்தில். ஊர் மயங்கி நின்றது. அப்போதுதான் நாச்சிமுத்துவுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

“இது சாக்கடை மூடியாச்சுங்களே. நம்ம ஊர்லதான் பாதாளச் சாக்கடையே கெடையாதே. எதை மூடறதுங்க?”

ஊர்க்கூட்டம் போட்டார்கள். மூடி என்று இருந்தால் எதையாவது மூட வேண்டும், சும்மா கிடந்தால் கொடுத்தவர்களுக்கு அவமரியாதை என்று முடிவானது. திருப்பூர் கிளம்ப இருந்த ஆட்களைப் பிடித்து, மேற்கே பாதிப் பேரும் கிழக்கே பாதிப் பேருமாக நிறுத்தி, “நூறு குழி வெட்டுங்கப்பா,” என்றார் சென்னியப்பன். மேற்கே இருந்தவர்கள் நூறு வெட்டினார்கள். கிழக்கே இருந்தவர்களும் நூறு வெட்டினார்கள். சொன்னபடிதான்.

இப்போது நூறு குழி திறந்து கிடந்தது. சந்தைக்குப் போன எருமை ஒன்று காணாமல் போய்க் குழிக்குள் இருந்து குரல் கொடுத்தது. அவசரமாக மூடி வேண்டும். “நூறு மூடி வார்த்துக் குடுங்கப்பா,” என்று நாலு பட்டறைக்கும் ஆள் போனது. ஊராட்சிச் செலவில் கரி வாங்கி, எட்டு மாதத்துக்கும் மேலான பிறகு நாலு உலையிலும் தீ மூட்டினார்கள். தெய்வாத்தாள் தன் உலைக்கு முன்னால் நின்று விம்மி விம்மி அழுதாள். பட்டறைக்கு நூறாக நானூறு மூடி வந்தது. முந்நூறு மிச்சம்.

மிச்ச மூடிக்கு முந்நூறு குழி என்றார்கள். மேற்கே முந்நூறு, கிழக்கே முந்நூறு. முந்நூறு குழிக்கு மூடி இல்லை. பட்டறைக்கு முந்நூறு வார்த்தார்கள்.

இப்படியே மூன்று வருஷம் ஆகிறது. திருப்பூருக்கு ஒருவரும் போகவில்லை. போன இரண்டு பேரும் இங்கே ஆள் பற்றாக்குறை என்று திரும்பி வந்துவிட்டார்கள். போன மாதம்தான் ஒரு பெரிய ஆபத்து வந்தது. ஊரில் குழி வெட்டத் தெருவே மிச்சமில்லை. உலை மறுபடி நின்றுவிடுமோ என்று எல்லாருக்கும் கவலை. கூட்டத்தில் ராத்திரி பகலாக யோசித்தும் வழி பிறக்கவில்லை.

“பழைய குழியையெல்லாம் மண்ணைப் போட்டுத் தூத்துட்டா, அதுக்கு மேல புதுசா வெட்டிக்கலாமுங்களே,” என்றார் நாச்சிமுத்து.

ஊரே எழுந்து கை தட்டியது.

“அத்தன மண்ணுக்கு எங்க போறது?” என்றார் குட்டியப்பன்.

சென்னியப்பன் அவரை இரக்கத்தோடு பார்த்தார். “மண்ணுக்கா பஞ்சம்? அக்கட்டால பொறம்போக்குல பெருசா ஒரு குழி வெட்டுனா வந்துபோகுது.”

வெட்டிவிட்டார்கள். கால் மைல் அகலம். நேற்றிலிருந்து அதற்கு மூடி வார்க்க அச்சு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.